‘ரன்’ என்னும் சிறு சொல்லின் பெரும் பரப்பு

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கொழும்புப் பாடசாலைகளில் நம் பிள்ளைகள் முதலில் கற்கும் ஆங்கில வினைச்சொற்களுள் ‘ரன்’ ஒன்று. ‘ஓடு’ என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்து, வினையாக மட்டும் இதற்கு 645 பொருள்களை வகுத்தார். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவாக இருந்த ‘செட்’டும் இதற்குப் பின்தங்கிவிட்டது.

இவற்றை மனனம் செய்ய எவராலும் இயலாது, தேவையும் இல்லை. எது ஓடுகிறது, எதை ஓடச் செய்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே போதும். காலி வீதியில் பஸ் ஓடுகிறது, திரையரங்கில் படம் ஓடுகிறது என்னும்போது நம் மொழியும் ஆங்கிலத்தோடு ஒத்தே செல்கிறது. ஆங்கிலத்தில் மூக்கும் ஓடும். நமக்கு அது ஒழுகும்.

மாணவர் தடுமாறுவது வேறோர் இடத்தில். தமிழ் தன்வினைக்கு ‘ஓடு’, பிறவினைக்கு ‘ஓட்டு’ என்று சொல்லின் உருவத்தையே மாற்றிக் காட்ட, ஆங்கிலமோ உருவத்தைத் தொடாமல், பின்னால் ஒரு செயப்படுபொருளை வைத்தே பிறவினை ஆக்கிவிடுகிறது. ஆகவே புறக்கோட்டையில் ஒருவர் கடையை ‘ரன்’ செய்தால் நடத்துகிறார். கணினியில் செய்நிரலை ‘ரன்’ செய்தால் இயக்குகிறார். இரண்டிலும் அடிப்படையாக நிற்பது இடையறாத இயக்கம் என்னும் கருத்தே. இயந்திரங்கள் பெருகப் பெருக இச்சொல்லின் பொருளும் பெருகியதற்குக் காரணம் இதுதான்.

பெயர்ச்சொல்லாகவும் அது வெகுதூரம் வந்துவிட்டது. 1997இல் இங்குள்ள ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை அணி 6 விக்கெட்டுகளுக்கு 952 ஓட்டங்கள் குவித்தபோது, எல்லைக்கோட்டைக் கடந்த பந்துகளுக்கு எவரும் ஓடவேண்டியிருக்கவில்லை. ஆயினும் அவையும் ‘ஓட்டங்கள்’ என்றே கணக்கிடப்பட்டன.

துணைச்சொல் சேர்ந்தால் பொருள் முற்றிலும் மாறும். ‘ரன் அவுட்’ ஆனவர் துடுப்பாட்டக்காரராயின் ஆட்டமிழந்தார்; ‘ரன் அவுட்’ ஆனது சீனியாயின் தீர்ந்துபோயிற்று. ‘ரன் இன்டு’ என்றால் ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதாகவும் இருக்கலாம். ‘ரன் ஓவர்’ என்றால் வாகனம் அவர்மேல் ஏறியதாகவும் இருக்கலாம். துணைச்சொல்லைப் பிரித்துத் தனிச்சொல்லாக இதைக் கற்பிப்பது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நாட்டுக்கு நாடும் வழக்கு வேறுபடும். அமெரிக்கர் தேர்தலில் ‘ஓடுவர்’. பிரித்தானியர் அதே தேர்தலில் ‘நிற்பர்’. நாமும் வேட்பாளர் நிற்கிறார் என்றே சொல்லி வருகிறோம்.