குணமா, கோளாறா?

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். மனநலப் பிரிவு ஓபியில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டு ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். 23 வயது. நான் வாய் திறப்பதற்குள் கூட வந்த அம்மா ஆரம்பித்துவிட்டார்: "எல்லாம் நடிப்பு சார். திமிரு. சின்னப் புள்ளையிலேர்ந்தே இப்படித்தான். இதுக்கெல்லாம் மருந்து இருக்கா?"

யாரென்று அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். நெருங்கிய தோழிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறாள். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. அரை மணி நேரம் பொறுத்தாள். அப்புறம் போன் போட ஆரம்பித்தாள், நாற்பது தடவைக்கு மேல். காலையில் தெய்வமாக இருந்த தோழி இருட்டுவதற்குள் துரோகி ஆகிவிட்டாள். ராத்திரி தன் கையையே காயப்படுத்திக்கொண்டாள். மறுநாள் பார்த்தால், தோழி போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள். செய்தியைத் திறந்தது தம்பி.

"அவ என்னை விட்டுட்டுப் போயிட்டாளோன்னு தோணுனா எனக்கு மூச்சே வராது சார்" என்றாள் அந்தப் பெண். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு அவளுடைய சீட்டில் நான் எஃப் 60.31 என்று எழுதினேன். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, ஆங்கிலத்தில் பார்டர்லைன் என்று சொல்வதன் குறியீடு அது. எந்த எல்லை என்று கேட்பீர்கள். 1938-ல் நியூயார்க்கில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர், லேசான மனநோய் என்றும் சொல்ல முடியாமல், தீவிர மனநோய் என்றும் சொல்ல முடியாமல் இடையில் நின்ற சிலரைப் பற்றி எழுதினார். மனநோய்களை அப்படி இரண்டு வயலாகப் பிரிக்கும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. வயலும் இல்லை, வரப்பும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தக் குறியீடு அவளுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். அங்கே சீட்டைப் பார்த்த ஒருவர், "ஓ, அந்தக் கேஸா? உட்காரச் சொல்லு" என்றாராம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பயிற்சிக் காலத்தில் நானே அப்படிச் சொன்னவன்தான்.

சரி, குணம் எப்போது கோளாறு ஆகிறது? சிடுமூஞ்சி, கஞ்சன், சந்தேகப் பிராணி, உம்மணாமூஞ்சி எல்லாம் நம் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். 1923-ல் கர்ட் ஷ்னைடர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் ஒரு விளக்கம் கொடுத்தார்: இயல்பை மீறிய அந்தக் குணத்தால் அவரே துன்பப்பட வேண்டும், அல்லது அவரால் சமூகம் துன்பப்பட வேண்டும். முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாவது பாதி கொஞ்சம் ஆபத்தானது. நமக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் நோயாளி ஆக்கிவிடலாம். இன்றைக்கு ரீல்ஸ் பார்த்துவிட்டுக் கணவரையும் மாமியாரையும் மேனேஜரையும் 'நார்சிசிஸ்ட்' என்று முடிவு கட்டுவது அந்த வேலைதான். அவர்கள் சுயநலக்காரர்களாக இருக்கலாம். சுயநலம் நோய் இல்லை.

ஆனாலும் அந்த இரண்டாவது பாதியைத் தூக்கி எறியவும் முடியவில்லை. ஏனென்றால் சிலருக்குத் தங்கள் குணம் ஒரு தொல்லையாகவே தெரியாது. ஒரு கணக்கர் வந்தார். கொடியில் காயும் துணிகளுக்கு ஒரே நிற கிளிப் மாட்ட வேண்டும், துண்டுக்குப் பக்கத்தில் துண்டுதான் வர வேண்டும். மகனுடைய விடுப்புக் கடிதத்தை நான்கு முறை எழுத வைத்ததில் பையன் பஸ்ஸை விட்டுவிட்டான். மனைவி அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல சார், இவங்களுக்குத்தான் ஒழுங்கு தெரியல" என்றார். இந்த வறட்டு ஒழுங்குக் குணத்தையும் எண்ணச் சுழற்சி நோயையும், அதாவது ஓசிடியையும், பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கையை இருபது முறை கழுவுகிற பெரும்பாலானவர்களுக்கு அது அதிகப்படி என்று தெரியும், நிறுத்த முடியாமல் தவிப்பார்கள். நம் கணக்கருக்குத் தவிப்பே இல்லை. தவித்ததெல்லாம் வீட்டில் இருந்தவர்கள்தான்.

இன்னொன்று, ஊர் வழக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் குணத்தை எடை போட வேண்டும். சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் காசு வாங்கிப் போகிற 28 வயதுக்காரரைப் பார்த்தால் வெளிநாட்டு மருத்துவர் சார்பு ஆளுமை என்று நினைக்கக்கூடும். நம் பக்கத்தில் அவர் நல்ல பிள்ளை.

இப்போது வகைப்பாட்டுக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஒன்று உண்டு, டிஎஸ்எம் என்பார்கள். 1980-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, மனச்சோர்வு போல வந்து போகிற நோய்களை முதல் அச்சிலும் (ஆங்கிலத்தில் ஆக்சிஸ், தனி வரிசை மாதிரி), ஆளுமைக் கோளாறுகளை இரண்டாம் அச்சிலும் வைத்தது. மருத்துவர்கள் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நாளடைவில் இரண்டாம் அச்சு என்றாலே 'தேறாத கேஸ்' என்று அர்த்தமாகிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பாட்டி சொன்னதைத்தான் கையேடும் வேறு வார்த்தையில் சொன்னது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அச்சுகளை எடுத்துவிட்டது. பத்து வகைகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. விசித்திரமாக ஒதுங்கி இருப்பவர்கள் மூன்று வகை, உணர்ச்சிக் கொந்தளிப்பும் நாடகத்தனமும் உள்ளவர்கள் நான்கு வகை, பயந்தவர்கள் மூன்று வகை.

பார்ப்பதற்கு அஞ்சறைப் பெட்டி மாதிரி அழகாக இருக்கும். கடுகு இங்கே, சீரகம் அங்கே. ஆட்கள் அப்படி அடங்க மாட்டேன் என்கிறார்கள். எல்லைநிலைக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள் கொடுத்திருக்கிறார்கள், ஐந்து இருந்தால் போதும். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ எடுப்பதற்கு 256 வழிகள் இருக்கின்றன. ஒரே பெயர் எழுதிய சீட்டோடு இரண்டு பேர் வரிசையில் நிற்கலாம். அவர்களுக்குள் பொதுவாக ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருக்கலாம். மறுபக்கம், ஒரே ஆளுக்கு மூன்று வகையும் பொருந்தும். அப்போது மருத்துவர் தனக்குப் பழகிய பெயரை எழுதுவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஐசிடி. அதன் பதினொன்றாவது பதிப்பு 2019-ல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் டைரர் தலைமையிலான குழு ஆளுமைக் கோளாறுப் பகுதியை அடியோடு மாற்றி எழுதியது. வகைகள் போய்விட்டன. முதல் கேள்வி: இந்த ஆளுக்குத் தான் யார், தன் மதிப்பு என்ன, எங்கே போகிறோம் என்பதில் பிடிப்பு இருக்கிறதா? மற்றவர்களோடு நெருங்கவும், சண்டை வந்தால் சமாளிக்கவும் முடிகிறதா? இரண்டு வருடமாவது தடுமாற்றம் தொடர்ந்திருந்தால், அடுத்து அதன் ஆழம்: லேசானது, நடுத்தரம், கடுமையானது. அதற்கும் கீழே 'ஆளுமைச் சிரமம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது நோய்க் கணக்கில் சேராது. நம் சிடுமூஞ்சிச் சித்தப்பா அநேகமாக அங்கேதான் இருப்பார்.

ஆழம் பார்த்த பிறகு சாயல்களைக் குறிக்கலாம். எதிர்மறை உணர்ச்சி, ஒட்டாமை, பிறர் மேல் இரக்கமின்மை, கட்டுப்பாடின்மை, வறட்டு ஒழுங்கு என்று ஐந்து. அஞ்சறைதான், ஆனால் இந்தத் தடவை ஆளை ஒரு அறைக்குள் போடுவதில்லை. ஒவ்வொரு அறையிலிருந்தும் அவரிடம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம். சுகர் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. போன மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்கலாம். இறங்கியும் இருக்கலாம் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

முழுமையான வெற்றி என்று சொல்ல மாட்டேன். எல்லைநிலையையும் எடுத்துவிட நினைத்தபோது, அந்தப் பெயரை நம்பித்தான் சிகிச்சை முறைகளும் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன என்று எதிர்ப்பு வந்தது. கடைசியில் 'எல்லைநிலைப் பாங்கு' என்று ஒரு ஒட்டுக் குறிப்பாக அதைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் பல சீட்டுகளில் பழைய எஃப் எண்ணைத்தான் பார்க்கிறேன். எனக்கே கை அதைத்தான் எழுதப் போகிறது.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. குணத்தை மாற்றுகிற மாத்திரை இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கு, பதற்றத்துக்கு மருந்து உண்டு. மற்றபடி பேச்சு சிகிச்சைதான். அமெரிக்காவின் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற முறை இதில் பெயர் பெற்றது. வாரம் ஒருமுறை தனிப் பேச்சு, ஒருமுறை குழு வகுப்பு, கொந்தளிப்பு வரும் நேரத்தைக் கடப்பதற்கான பயிற்சிகள். 2011-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: 1961-ல், 17 வயதில், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தோடு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்தான் அவரும். நம் ஊரில் இந்த முறையை முழுமையாக நடத்தும் இடங்கள் குறைவு. ஆனால் ஒரே ஆள், ஒரே நேரம், சொன்ன நாளில் தவறாமல் பார்ப்பது என்ற ஒழுங்கு மட்டுமே பாதி வேலையைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தேறாது என்பதும் உண்மை இல்லை. மேரி ஜனாரினி குழுவினர், அமெரிக்காவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 290 எல்லைநிலை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருடத்துக்குள் 93 சதவீதம் பேர், குறைந்தது இரண்டு வருடமாவது அந்த நோய்க் கணக்கிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வேலையும் உறவும் சீராக அமைந்து முழுசாகத் தேறியவர்கள் பாதிப் பேர்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டில் யாராவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் நடிப்பா நிஜமா என்று விசாரணை வைக்காதீர்கள், கூட உட்காருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள், சில சமயம் வருவதில்லை. கணக்கரும் வந்துகொண்டிருக்கிறார், மனைவியோடு. போன முறை சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். தேதியில் நான் மாதத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று அரை நிமிடம் யோசித்ததாகச் சொன்னார். அவர் மனைவி சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார்.

நன்றி, வணக்கம்.