ஐந்து நாள் காய்ச்சலும் இதயத்தின் ரத்தக்குழாயும்

எல்லோருக்கும் வணக்கம். குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, கண் இரண்டும் சிவந்திருக்கிறது ஆனால் பீளை இல்லை, உதடு வெடித்துச் சிவந்திருக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டியிருக்கிறது, யார் தூக்கினாலும் அழுகை நிற்கவில்லை. நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, 'அம்மை போட்டிருக்கு'. வேப்பிலை வந்துவிடும், மருந்து நின்றுவிடும். அது கவாசாகி நோயாக இருந்தால், அந்த நாட்களில்தான் இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற குழாய் கெட ஆரம்பிக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1961 ஜனவரியில் டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனையில் தோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் இப்படி ஒரு நாலு வயதுப் பையனைப் பார்த்தார். அவனுடைய அறிகுறிகள் எந்த நோயிலும் அடங்கவில்லை. அடுத்த வருடம் அதே அறிகுறிகளோடு இன்னொரு குழந்தை வந்ததும் அவருக்குப் பொறி தட்டியது. விடாமல் 50 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்து 1967-ல் வெளியிட்டார். தானாகச் சரியாகிவிடும் என்றுதான் அவரே அப்போது நினைத்தார். இறந்துபோன குழந்தைகளின் உடலைப் பரிசோதித்தபோதுதான் இதயக் குழாய் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது தெரிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? ஏதோ ஒரு கிருமி தொடக்கி வைக்கிறது என்று பலர் கருதுகிறார்கள், அது எது என்று இன்னும் பிடிபடவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய் இல்லை. ஆனால் தொடங்கிய பிறகு நடப்பதெல்லாம் நம் நோய் எதிர்ப்பு சக்தியின் வேலைதான். முதலில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் குழாயின் சுவருக்குள் புகுகின்றன, இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் போன்ற புரதங்கள் மேலும் மேலும் ஆளைக் கூப்பிடுகின்றன, பின்னாலேயே டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் வந்து சேர்கின்றன, இவை விடும் நொதிகள் சுவருக்கு இழுபட்டுச் சுருங்கும் தன்மையைக் கொடுக்கிற நார்களை அறுத்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்கிறது. நார் அறுந்த இடம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்குகிறது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், காய்ச்சல் விட்டு விரல் நுனியில் தோல் உரிகிறபோது, 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதி வருகிற அதே நேரத்தில், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் கிடுகிடுவென்று ஏறுகின்றன. பிதுங்கிய இடத்தில் ரத்தம் உறைய அதுவே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு, இந்த நோயில் திடீரென்று சிவந்து தடிக்கலாம், கைக்குழந்தைகளிடம் முக்கியமாக. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மற்ற அறிகுறிகள் முழுதாகத் தெரியாமலே போகலாம், ஆபத்தோ அவர்களுக்குத்தான் அதிகம். சட்டையைக் கழற்றி அந்தத் தழும்பை ஒரு தடவை பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மருந்து இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம், ஐவிஐஜி என்பார்கள். கிலோவுக்கு 2 கிராம், அதாவது 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் ஏற்றினால் நல்லது. சிகிச்சை இல்லாமல் விட்டால் நாலில் ஒரு குழந்தைக்கு இதயக் குழாய் வீங்கும், நேரத்துக்கு ஏற்றினால் அது நூற்றில் ஐந்து அளவுக்குக் குறைகிறது. விலை அதிகம்தான், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், கையில் இருப்பது அந்தப் பத்து நாள்தான். கூடவே ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். சாதாரணமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாத மாத்திரை அது, எனவே மருத்துவர் சொல்லாமல் வீட்டில் தொடவே வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகும் இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு முறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். ஏற்றிய புரதம் தட்டம்மைத் தடுப்பூசியை வேலை செய்ய விடாது, அதனால் அந்த ஊசியைப் பதினொரு மாதம் தள்ளிப் போடச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள், ஊசி போடுகிற சிஸ்டரிடம் இரண்டையும் காட்டுங்கள்.