உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா

கர்த்தருக்குள் அன்பான நேயர்களே, வணக்கம்.

யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்திலிருந்து இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். திபேரியா கடற்கரை, விடியற்காலம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் இயேசு கரிநெருப்பின்மேல் மீன் வைத்து, அப்பத்தோடு சீஷர்களுக்காகக் காத்திருக்கிறார். கரிநெருப்பைக் கண்டதும், அந்தச் சீஷர்களில் ஒருவரான பேதுருவின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் அப்படியொரு நெருப்பில் குளிர்காய்ந்த இரவில்தான் அவர், "அறியேன்" என்று சொல்லி ஆண்டவரை மறுதலித்தார். மறுதலித்தது மூன்று தரம்; இப்போது கேள்வியும் மூன்று தரம்: "நீ என்னை நேசிக்கிறாயா?" ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆண்டவருடைய ஆடுகளை, அதாவது அவருடைய மக்களை, மேய்க்கும் பொறுப்பு கிடைத்தது. "என்னைப் பின்பற்றிவா" என்ற அழைப்பும் வந்தது.

இவ்வளவு பெரிய விடுதலை கிடைத்த கையோடு பேதுரு என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் பார்த்தார். இயேசுவுக்கு அன்பான சீஷன் பின்னால் வந்துகொண்டிருந்தார். உடனே, இவன் காரியம் என்ன என்று கேட்டுவிட்டார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார் ஆண்டவர்.

பாவமன்னிப்பின் நிச்சயம் பெற்றவர்களைக்கூட இப்படித் திரும்பிப் பார்ப்பதுதான் மறுபடியும் கட்டிப்போடுகிறது என்பது என் எண்ணம். அவருக்கு வரம் அதிகம். இவருடைய பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். இன்னொருவருடைய ஜெபத்துக்கு உடனே பதில் வருகிறது. முழங்காலில் நிற்கும்போதும் மனம் அடுத்தவர் வீட்டில் உலாவுகிறது. ஜெபத்தில் கவனம் சிதறுவதற்குக் கைப்பேசியைக் குறைசொல்கிறோம். அதை அணைத்துவைத்த பிறகும் இந்த ஒப்பிடுதல் ஓய்வதில்லையே!

அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் விலங்கோடு இருந்துகொண்டு பிலிப்பி சபையாருக்கு நிருபம் எழுதுகிறார். வெளியே சிலர் பொறாமையினால், அவருக்கு உபத்திரவத்தைக் கூட்டவே பிரசங்கிக்கிறார்கள். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்படுகிறார் பவுல். அப்படிப்பட்ட மனிதரால்தான் அதே நிருபத்தில் "ஒன்று செய்கிறேன், பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி" இலக்கை நோக்கித் தொடருகிறேன் என்று எழுத முடிந்தது.

இன்று இரவு ஜெபிக்கும்போது, உங்கள் மனம் யாரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதோ, அவருக்காகப் பெயர் சொல்லி ஆசீர்வாதம் கேளுங்கள். முதலில் வாய் வராது. வந்தாலும் மனம் ஒட்டாது. பரவாயில்லை, ஆண்டவர் அறிவார். பிறகு, அவர் உங்களிடம் ஒப்புவித்த ஆடுகள் யார் என்று கேளுங்கள். படுக்கையில் இருக்கும் தாயாராக இருக்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் உங்களிடம் வரும் சில பிள்ளைகளாக இருக்கலாம். நாளைக் காலையில் அவர்களில் ஒருவரிடம் போங்கள்.

நன்றி, வணக்கம்.