தூக்கம் வரலை என்று ஒருவர் சொன்னால்

தாய்மார்களே, பெரியவர்களே, தம்பிமார்களே, வணக்கம்.

மனநோய்களைப் பட்டியல் போட்டுப் படிக்கப் போவதில்லை. ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம்: “தூக்கம் வரலை.” இதைச் சொல்லி மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இந்த ஒரு புகாருக்குப் பின்னால் நாலைந்து நோய் இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

முதலில் எப்போது விழிப்பு வருகிறது என்று கேளுங்கள். நம் வடசென்னைக் காசிமேட்டில் மீன் ஏலத்துக்காக நடுராத்திரி எழுந்து போகிறவருக்கு அது நோய் இல்லை. துறைமுகத்தில் ஷிப்ட் மாறுகிறவருக்கும் அப்படித்தான். அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

படுத்து வெகுநேரம் கடனும் வாடகையும் தலைக்குள் ஓடினால் பதற்ற நோயா என்று பாருங்கள். தூங்கிவிட்டு, வழக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பே விழித்து, காலையில் மனசு பாரமாகவும் சாயங்காலம் சற்று லேசாகவும் இருந்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்கலாம். அந்தப் பாரமோ, எதிலும் நாட்டமில்லாத நிலையோ 2 வாரமாக நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும். பசி, களைப்பு, கவனம், குற்ற உணர்வு, சாவு எண்ணம் இவற்றையும் கேட்க வேண்டும். நம்மில் பலர் மனசைப் பற்றிச் சொல்லவே மாட்டோம், “உடம்பெல்லாம் வலி” என்போம். தைராய்டு குறைவும் இதே வேஷம் போடும், அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

இன்னொருவர் 2 மணி நேரம்தான் தூங்குவார், ஆனால் களைப்பே இருக்காது. பேச்சு நிற்காது, வட்டிக்கு வாங்கித் தெருவுக்கே பிரியாணி போடுவார். ஒரு வாரம் இப்படி நீடித்தால் அது மேனியா, அதாவது மனசு அளவுக்கு மீறிக் கிளர்ந்துபோகிற நோய். வீட்டிலோ “பையன் இப்பதான் சுறுசுறுப்பா இருக்கான்” என்று பூரிப்பார்கள். சில மாதம் கழித்து அவரே சோர்ந்து விழுந்து மருத்துவரிடம் வரும்போது, பழைய கதையை யாரும் சொல்லாவிட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் கிடைக்கும். அது அவரை மறுபடி மேனியாவில் தள்ளலாம். கூட வருகிறவர் வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான். இந்த நோய்க்கு லித்தியம் நல்ல மருந்து; அளவு தப்பினால் விஷம். கத்திரி வெயிலில் மூட்டை தூக்கித் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வலிக்கு டைக்ளோபினாக் போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை வெகுவாக நடுங்கி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

குடியைத் திடீரென்று விட்டவருக்குத் தூக்கம் போனால் காத்திருக்கவே கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சுவரில் பூச்சி ஊருது என்பார், ஆள் அடையாளம் தெரியாது. பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிற நேரத்தில் உயிர் போகலாம். கோயிலுக்கும் தர்காவுக்கும் அப்புறம் போகலாம், யாரும் தடுக்கவில்லை. தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவதும் ஆபத்து: தயமின் (வைட்டமின் பி1) ஊசி முதலில் போகாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்த பாட்டி இன்று ராத்திரி உளறினால், சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் உப்பு, சர்க்கரை இவற்றை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மாத்திரை. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வந்துவிடும். அதனால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். குணமான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும். காதில் குரல் கேட்பதற்கும் வீண் சந்தேகத்துக்கும் தரும் சில மருந்துகளால் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நோய் முற்றிவிட்டதென்று பயப்பட வேண்டாம், ஓர் ஊசியில் சரியாகும். தூக்கத்துக்கென்று கடையில் வாங்கும் அல்பிரசோலம் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுவிட்டுப் பட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

“செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தையும் மாத்திரை அட்டைகளையும் அப்புறப்படுத்துங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று தற்கொலை முயற்சியை மறைக்கவும் வேண்டாம்: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் தூரமில்லை. அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்கிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது. போகும்போது பழைய சீட்டுகள், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசியாகக் குடித்தது எந்த நாள் எத்தனை மணிக்கு என்ற விவரம், இவற்றோடு அவருடன் ஒரே வீட்டில் தூங்குகிற ஒருவரையும் அழைத்துப் போங்கள்.