மதில்மேல் இருந்தவர்களுக்குப் புரியாத மொழி

[திரையில்: உயரமான கல்மதில். மேலே வரிசையாக மனிதர்கள். கீழே ஒரு படைத்தூதன்.]

கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின் கோட்டை ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டான். மிச்சம் இருப்பது எருசலேம். மதிலுக்கு வெளியே அவனுடைய அதிகாரி வந்து நிற்கிறான். பைபிள் அவனை ரப்சாக்கே என்கிறது. அது பெயர் அல்ல, பதவி. உள்ளேயிருந்து எசேக்கியா ராஜாவின் ஆட்கள் மூன்று பேர் பேச வருகிறார்கள். மதில்மேல் ஊர் ஜனங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரப்சாக்கே மிரட்டுகிறான். அதுவும் அந்த ஜனங்களுக்குப் புரிகிற யூத மொழியில். அரண்மனை ஆட்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தயவுசெய்து அரமேயத்தில் பேசுங்கள், எங்களுக்கு அது தெரியும், மதில்மேல் இருக்கிறவர்கள் காதில் விழும்படி இந்த மொழியில் பேச வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். அவன் விடுவானா? இன்னும் சத்தத்தைக் கூட்டி, முற்றுகை நீண்டால் அந்த ஜனங்கள் எதைத் தின்று எதைக் குடிக்க நேரும் என்று சொல்கிறான். அந்த வரியை இங்கே வாய்விட்டுப் படிக்க மாட்டேன். 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காட்சியில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். அன்றைக்கு எருசலேமில் அரமேயம் பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும் தெரிந்த மொழி. ரகசியம் பேசும் அளவுக்குப் பாதுகாப்பான மொழி. சுமார் 700 வருஷம் கழித்து அதே நாட்டில் ஒரு தச்சர் தன் ஊர்க்காரர்களோடு பேசியது இந்த அரமேயத்தில்தான். மதில்மேல் இருந்தவர்களுக்குப் புரியாத மொழி அவர்கள் சந்ததிக்கு வீட்டு மொழியானது எப்படி?

பைபிள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேட்டால் பழைய ஏற்பாடு எபிரேயம், புதிய ஏற்பாடு கிரேக்கம் என்று பட்டென்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் நடுவில் இன்னொரு மொழி நுழைந்து, தையல் தெரியத் தெரிய நிற்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு அதைச் ‘சீரிய பாஷை’ என்று சொல்வதால் பலர் கவனிப்பதில்லை. சீரியம் என்று அங்கே வருவது அரமேயம்தான்.

[திரையில்: மேற்கு ஆசியாவின் வரைபடம். தமஸ்கு ஒளிர்கிறது.]

அரமேயர்கள் இன்றைய சிரியாப் பக்கத்து மக்கள். பேரரசு எதையும் கட்டவில்லை. அசீரியாவிடம் தோற்றார்கள். தோற்றவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கி வேறு வேறு இடங்களில் குடியேற்றுவது அசீரியாவின் வழக்கம். அப்படிப் போன இடமெல்லாம் அவர்களுடைய மொழியும் போனது. ஜெயித்தவனின் மொழியான அக்காடியத்தை எழுத நூற்றுக்கணக்கான ஆப்புவடிவக் குறிகளைப் படிக்க வேண்டும், ஈரக் களிமண்ணில் குத்த வேண்டும். அரமேயத்துக்கு 22 எழுத்து போதும். மையும் தோலும் இருந்தால் வேலை முடிந்தது. அசீரிய அரண்மனைச் சிற்பங்களில் இரண்டு எழுத்தர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் கையில் பலகை, இன்னொருவர் கையில் சுருள். யார் பிழைத்தார் என்று நமக்குத் தெரியும்.

பாபிலோன் வந்தது, எருசலேமை இடித்தது, மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. அப்புறம் பாரசீகர்கள் வந்தார்கள். எகிப்திலிருந்து இந்தியாவின் வாசல்வரை விரிந்த அரசுக்கு ஒரு அலுவலக மொழி வேண்டுமே? சொந்த மொழியை ஒதுக்கிவைத்துவிட்டு அரமேயத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதன் வீச்சு எவ்வளவு என்றால், பாரசீகப் பேரரசு கவிழ்ந்த பிறகும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நம்முடைய அசோகர் காந்தஹாரில் கல்லில் வெட்டிய கட்டளை இரண்டு மொழிகளில் இருக்கிறது. ஒன்று கிரேக்கம், இன்னொன்று அரமேயம். 1958இல் கண்டெடுத்தார்கள்.

சரி, பைபிளுக்குள் வருவோம்.

அரமேயம் முதலில் தலைகாட்டுவது ஆதியாகமம் 31இல், ஒரு குடும்பத் தகராறின் முடிவில். லாபானும் யாக்கோபும். லாபான் யாக்கோபுக்குத் தாய்மாமன், பிறகு மாமனார், போதாததற்கு முதலாளியும். இருபது வருஷக் கணக்கைத் தீர்த்து, இனி நீ இந்தப் பக்கம் வராதே, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கற்களைக் குவித்துச் சாட்சி வைக்கிறார்கள். அந்தக் குவியலுக்கு லாபான் வைத்த பெயர் ஜெகர்சகதூதா, யாக்கோபு வைத்தது கலயெத். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: சாட்சிக் குவியல். மாமனார் அரமேயத்தில் சொல்கிறார், மருமகன் எபிரேயத்தில் சொல்கிறார். ஒரே கற்குவியல், நடுவில் மொழி எல்லை.

எரேமியாவில் ஒரே ஒரு வசனம், 10:11. சுற்றிலும் எபிரேயம், இது மட்டும் அரமேயம். வானத்தையும் பூமியையும் உண்டாக்காத தெய்வங்கள் அழிந்துபோகும் என்று அவர்களிடம் சொல்லுங்கள் என்கிறது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குப் புரிகிற மொழியிலேயே எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது. எஸ்றா புத்தகத்தில் வருவது ராஜாக்களுக்குப் போன மனுக்களும் அங்கிருந்து வந்த உத்தரவுகளும். அரசாங்கக் கடிதம் அரசாங்க மொழியில்தானே இருக்கும். எகிப்தில் நைல் நதித் தீவான எலிபண்டைனில் இருந்த யூதர்கள், இடிக்கப்பட்ட தங்கள் கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு, கி.மு. 407இல் யூதாவின் ஆளுநருக்கு எழுதிய மனு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. அதுவும் அரமேயம்தான்.

தானியேல் புத்தகம்தான் உண்மையான புதிர். 2ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் பாபிலோன் அரண்மனை ஞானிகளான கல்தேயர் ராஜாவிடம் அரமேயத்தில் பேசத் தொடங்குகிறார்கள். பேச்சு முடிந்ததும் எபிரேயத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 7ஆம் அதிகாரம் முடியும்வரை அரமேயமே ஓடுகிறது. 8இல் திடீரென்று மறுபடி எபிரேயம். இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. உலக ராஜ்யங்களைப் பற்றிய பகுதி உலக மொழியில் இருக்கிறது என்ற விளக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் ஊகம்தான்.

[திரையில்: இருண்ட விருந்து மண்டபம். சுவரில் ஒரு கை மட்டும் எழுதுகிறது.]

இதே பகுதியில்தான் பாபிலோன் ராஜா பெல்ஷாத்சாரின் விருந்து வருகிறது. எருசலேம் ஆலயத்துப் பாத்திரங்களில் மது ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கை தோன்றி சுவரில் எழுதுகிறது: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். அரண்மனைப் பண்டிதர்களால் படிக்க முடியவில்லை. அரமேயம் தெரியாமலா? அந்த அரண்மனையில் எல்லாருக்கும் தெரியும். சிக்கல் எழுத்தில் இருக்கிறது. அரமேயம் மெய்யெழுத்துகளை எழுதும், உயிரொலியைப் பெரும்பாலும் வாசிப்பவரே போட்டுக்கொள்ள வேண்டும். நம் எழுத்தில் ‘கல்’ என்றால் கல், ‘கால்’ என்றால் கால். அங்கே இரண்டுக்கும் ‘க்ல்’ என்று மட்டும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொற்களை ஒரு விதமாக வாசித்தால் வெறும் எடைக்கற்களின் பெயர்: மினா, மினா, சேக்கல், அரை மினாக்கள். கடைக்காரர் கணக்குப் போல இருக்கும். ராஜாவின் சுவரில் எடைக்கணக்கு எதற்கு என்று பண்டிதர்கள் முழித்திருக்கலாம். சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட யூதரான தானியேல் அதே எழுத்துகளில் வேறு உயிரொலி போட்டு வினைச்சொற்களாக வாசிக்கிறார்: எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டாய், பிரிக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. கடைசிச் சொல்லின் மெய்யெழுத்துகளுக்குள்ளேயே பாரசீகர் என்ற பெயரும் ஒளிந்திருக்கிறது. ராஜ்யம் பிரிந்து யாருக்குப் போகும் என்ற பதிலும் அதே சொல்லில் இருக்கிறது. மொழிபெயர்த்தால் இந்த விளையாட்டு செத்துவிடும். அதனால்தான் பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் அந்த நாலு சொல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இன்று எபிரேய எழுத்து என்று நாம் பார்க்கிற அந்தச் சதுர எழுத்து, பிறப்பால் அரமேய எழுத்து. எசேக்கியா காலத்து எபிரேயத்துக்கு வேறு வடிவம் இருந்தது. சிறையிருப்புக்குப் பிறகு யூதர்கள் மெல்ல மெல்ல அதைக் கைவிட்டார்கள். சமாரியர்கள் மட்டும் பழைய வடிவத்தின் வழிவந்த எழுத்தை இன்றும் வைத்திருக்கிறார்கள். சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய சுருள்கள் சிலவற்றில் உரை முழுக்கச் சதுர எழுத்து, கடவுளின் பெயர் மட்டும் பழைய எழுத்தில்.

பேச்சும் மாறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் பக்கத்துப் பெலிஸ்திய ஊரான அஸ்தோத்தின் மொழியைப் பேசுகிறார்கள், யூத மொழி பேசத் தெரியவில்லை என்று யூதாவின் ஆளுநராக இருந்த நெகேமியா ஆத்திரப்பட்டு, தகப்பன்மாரில் சிலரை அடித்து மயிரைப் பிடுங்கியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மொழிப்பற்றுக்கு இதைவிடப் பழைய ஆவணம் தேடினாலும் எளிதில் கிடைக்காது. அடித்து மொழியைக் காப்பாற்ற முடியவில்லை. பிற்காலத்தில் ஜெபாலயத்தில் வேதத்தை எபிரேயத்தில் வாசிக்க, பக்கத்தில் ஒருவர் அரமேயத்தில் சொல்லிக்கொண்டே வரும் வழக்கம் வந்தது. அந்த மொழிபெயர்ப்புக்குப் பெயர் தர்கூம். எபிரேயம் செத்துவிடவில்லை. வேதமும் ஜெபமும் படிப்பும் அதில் நடந்தன, யூதேயாவில் அதைப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் சந்தையில் பேரம் பேசியது பெரும்பாலும் அரமேயம்.

[திரையில்: கலிலேயாக் கடல், படகுகள்.]

கலிலேயாவின் அரமேயத்துக்கு ஒரு தனி வாடை உண்டு. தொண்டையில் பிறக்கும் ஒலிகளை அந்த ஊர்க்காரர்கள் குழப்புவார்கள் என்று யூதேயாவில் கிண்டல். யூத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு நகைச்சுவை வருகிறது. கலிலேயன் ஒருவன், அமார் யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறான். அட மடையா, ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா, எது வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார்கள். நாலும் அவன் வாயில் ஒன்றுபோல ஒலித்திருக்கிறது. இப்போது இயேசுவின் சீடர் பேதுருவை, கலிலேயாக்காரர், நினைத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில், அந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் பண்ணுகிறார். பக்கத்தில் நின்றவர்கள், உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்கிறார்கள். வாயைத் திறந்ததுதான் வினை.

புதிய ஏற்பாடு முழுக்கக் கிரேக்கம். அலெக்சாந்தருக்குப் பிறகு கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் பொதுவாகிப்போன கிரேக்கம் அது. யூத வேதமும் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்தே அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. அது தனி வீடியோவுக்கு உரிய கதை. இங்கே நமக்கு மாற்கு எழுதிய சுவிசேஷம் போதும். இயேசு பேசியதையெல்லாம் கிரேக்கத்தில் எழுதும் மாற்கு, சில இடங்களில் மட்டும் மொழிபெயர்க்க மனமில்லாமல் ஒலியையே எழுதிவிடுகிறார். செவிடனிடம்: எப்பத்தா, அதாவது திறக்கப்படு. சிலுவையில்: எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி, அதாவது என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆனால் சங்கீதத்தின் எபிரேயத்தில் ‘கைவிட்டீர்’ என்பதற்கு வேறு சொல். சபக்தானி அரமேயம். சாகும் நேரத்தில் வேத வசனம் வேத மொழியில் வரவில்லை, வீட்டு மொழியில் வந்திருக்கிறது.

இறந்த சிறுமியின் கையைப் பிடித்துச் சொன்னது இன்னும் நுணுக்கமானது. தமிழ் பைபிளில் ‘தலீத்தாகூமி’. சிறு பெண்ணே எழுந்திரு. இலக்கணப்படி பெண்ணிடம் சொல்லும்போது கூமிதான் சரி. ஆனால் சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி போன்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் ‘கூம்’ என்றே இருக்கிறது. பேச்சில் அந்தக் கடைசி இகரம் தேய்ந்துவிடும் என்பதுதான் இதற்குப் பலர் சொல்லும் விளக்கம். பின்னால் வந்த பிரதிகளில் யாரோ இலக்கணத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு எழுத்து இல்லாத பிரதியில்தான் எனக்கு அந்த அறையின் சத்தம் கேட்கிறது.

கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபிக்கும்போது ‘அப்பா, பிதாவே’ என்று வருகிறது. தமிழர்கள் இதைப் படித்துவிட்டு, ஒரே அர்த்தத்தை ஏன் இரண்டு தடவை சொல்கிறார் என்று நினைப்பார்கள். முதல் சொல் தமிழ் அல்ல, அரமேய ‘அப்பா’. மாற்கு அதைக் கிரேக்கத்தில் அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கச் சொல்லையும் போட்டார். தமிழில் வந்தபோது முதல் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. உடனே இயேசு தமிழ் பேசினார் என்று கிளம்பிவிட வேண்டாம். ப, ம குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள், உலகமெங்கும் அம்மா அப்பாவைச் சுற்றி அவைதான் இருக்கும். அது மழலைச் சொல் மட்டுமே என்று பிரசங்கங்களில் சொல்வதும் சரியில்லை. வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

உண்மையான உறவு வேறொரு சொல்லில் இருக்கிறது. மாற்கு 7:11இல் கொர்பான் என்று வரும். கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை. க-ர-ப என்ற அதன் வேருக்கு நெருங்குதல் என்று பொருள். அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக்கில் அது குர்பானா. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை போவது குர்பானாவுக்கு. அரபியில் அது குர்பான். பக்ரீத் அன்று பக்கத்து வீட்டிலிருந்து நமக்குக் கறி வருகிறதே, குர்பானிக் கறி, அதுவும் இதே சொல்தான்.

[திரை இருள்கிறது.]