பாலை நடுவே ஒரு சறுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பாலை நிலத்துக்கு நம் இலக்கணக்காரர்கள் ஒதுக்கிய நீர், வற்றிய கிணறும் வற்றிய சுனையும்தான். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் அந்தக் கணக்குப் பொய்த்துப்போன ஓர் ஊர் உண்டு. பெயர் நியூபெரி ஸ்பிரிங்ஸ். மேலே மணல், அடியில் ஊற்று. பாப் பையர்ஸ் என்ற உள்ளூர்க்காரர் அந்த நீரில் ஓர் ஏரி அமைத்து, மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார்: டோலோரஸ் ஏரி. முதலில் வீட்டாரும் உறவினரும் குளிக்கத்தான். 1962-இல் ஊராருக்கும் திறந்துவிட்டார். நாளடைவில் அது நீர்ச்சறுக்குப் பூங்காவாக வளர்ந்தது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போகும் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. அந்த வெயிலில் காரில் வருகிறவருக்குத் தண்ணீர் கண்ணில் பட்டால் போதாதா?

சறுக்குகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செயற்கை மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் எட்டுச் சறுக்குகள். ஒவ்வொன்றும் 150 அடி. சிறிய மிதவையில் ஏறி இறங்கினால், குளத்தில் விட்டெறிந்த ஓட்டுச் சில்லைப்போல ஏரியின் மேல் வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போவார்கள். நின்றபடியே இறங்கும் சறுக்கு இன்னொரு வகை. அது தண்ணீருக்கு 15 அடி மேலேயே முடிந்துவிடும். மிச்சத் தூரம் ஆகாயத்தில்தான்! நானாக இருந்தால் கரையில் உட்கார்ந்து துண்டுகளுக்குக் காவல் இருந்திருப்பேன்.

1980-களின் நடுப்பகுதியோடு கூட்டம் கரைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூங்காவும் மூடியது. 1990-இல் கைமாறி, 1998 ஜூலையில் ‘ராக்-அ-ஹூலா’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. இம்முறை 1950-களின் ராக் இசைக்கால வேடம். பாலையில் தண்ணீர் என்பதைவிடப் பெரிய விளம்பரம் எதற்கு என்று புதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். வேடம் ஏறியது, கடனும் ஏறியது.

1999-இல் ஊழியர் ஒருவர், பூங்கா மூடிய பிறகு சறுக்கில் இறங்கினார். கீழே அவரைத் தாங்க வேண்டிய தொட்டியில் போதிய தண்ணீர் இல்லை. இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டார். வழக்கில் 44 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. நிறுவனம் 2000-இல் திவாலானது. 2002-இல் ‘டிஸ்கவரி’ என்று மூன்றாவது பெயர்; 2004-இல் அதுவும் முடிந்தது.

இன்று அங்கே சுவர்தோறும் வண்ணக் கிறுக்கல்கள். நெடுஞ்சாலையில் கார்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.

வணக்கம்.