நாளைய துப்பாக்கியும் காலி உறையும்

அவையோருக்கு வணக்கம். நாளைய துப்பாக்கி என்றதும் பலர் மனத்தில் லேசர் கதிர்தான் வருகிறது. நான் உங்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: சுட்டபின் தரையில் விழுகிற காலி உறை. இனி வரப்போகும் மாற்றங்களில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் நடக்கும்.

நேட்டோ நாடுகளின் 5.56 மி.மீ. தோட்டா ஒன்றின் எடை சுமார் 12 கிராம். பறந்து போகும் குண்டு 4 கிராம். வெடிமருந்து 2 கிராமுக்கும் குறைவு. மீதி 6 கிராமும் உறை. 210 தோட்டா சுமக்கும் வீரர் ஒரு கிலோவுக்கு மேல் பித்தளையைக் கீழே உதறுவதற்காகவே தூக்கிக்கொண்டு நடக்கிறார். நம் ராணுவம் 2019-இல் 72,400 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தம் போட்ட சிக்716 துப்பாக்கியின் 7.62×51 தோட்டாவோ ஏறத்தாழ இரட்டிப்பு எடை.

பிறகு ஏன் உறையை ஒழிக்க முடியவில்லை? நம் பெங்களூர் பீன்யா பட்டறைகளில் பிரஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உறையின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கிண்ணமாக அடித்து, படிப்படியாக இழுத்து நீட்டி, இடையிடையே சூடேற்றி இளக்குகிறார்கள். ராணுவத் தோட்டா ஒன்றின் கழுத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். எண்ணெய் படர்ந்தது போல நீலமும் செம்மையுமாக ஒரு கறை தெரியும். கடைசியாகக் காட்டிய சூட்டின் தடம் அது. அந்தச் சூடு ஏன் வேண்டும் என்பதற்கான பாடம் இந்த நாட்டில்தான் கிடைத்தது. வெள்ளையர் காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் விரிசல் விட்டன. மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, இழுப்பில் உள்ளே தங்கிப்போன இறுக்கத்தோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்தது. 1921-இல்தான் காரணம் தெளிவாயிற்று.

சுடும் நொடியில் உறை விரிந்து, தோட்டா அமர்ந்திருக்கும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விடுபடுகிறது. வெளியே விழும்போது சூட்டில் ஒரு பங்கையும் கொண்டுபோகிறது. இந்த மூன்று வேலையையும் வேறெதாவது செய்தாக வேண்டும்.

ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் ஜி11 துப்பாக்கியில் உறையே கிடையாது. மருந்தைக் கட்டியாக இறுக்கி, 4.73 மி.மீ. குண்டை அதற்குள் பதித்தார்கள். விளைவு என்ன? தொடர்ந்து சுட்டால் சேம்பர் கொதித்தது; விசையைத் தொடாமலே தோட்டா தானாகத் தீப்பிடித்தது. அதிக வெப்பத்தில்தான் எரியும் மருந்துக்கு மாறித்தான் இதைக் கட்டுப்படுத்தினார்கள். வாயுவை அடைக்கும் வேலையும் துப்பாக்கியின் தலையில் விழுந்ததால் உள்ளமைப்பு கடிகாரம் போலச் சிக்கலானது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1990-இல், இரு ஜெர்மனிகளும் இணைந்தன, பனிப்போர் முடிந்தது, பணமும் நின்றது.

அமெரிக்கா 2022-இல் எடுத்த பாதை வேறு. 6.8×51 தோட்டாவில் அடிப்பகுதி எஃகு, உடல் பித்தளை. சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு அழுத்தத்தைப் பித்தளை அடி தாங்காது. மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் உட்காரும் குழி தளர்ந்துவிடும். தூரமும் ஊடுருவலும் கூடின. ஆனால் மேகசினுக்கு 30 போய் 20. கையில் 210 போய் 140. இது எனக்கு உவப்பாக இல்லை.

நாம் பார்க்க வேண்டியது பாலிமர், அதாவது பிளாஸ்டிக் உறை என்பேன். எடை குறையும், சேம்பருக்குச் சூடு ஏறுவதும் குறையும். இதிலும் இடறல் உண்டு. காலி உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிளாஸ்டிக் விளிம்பைக் கிழித்துவிடும்; அதற்காக அடியில் உலோகம் வைத்தால், இரண்டும் சேரும் இடமே பலவீனம். லடாக் குளிரிலும் ராஜஸ்தான் வெயிலிலும் அந்த இணைப்பைச் சோதித்துத் தேற்றுவதுதான் உண்மையான வேலை.

அடுத்தது சைட், அதாவது குறிபார்க்கும் கருவி. எதிரே 400 மீட்டரில் இருப்பதை 300 என்று கண் தப்பாகக் கணித்தால், 7.62 குண்டு ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்ந்து விழும். லேசரால் தூரம் அளந்து, தானே கணக்கிட்டுக் குறிப்புள்ளியை நகர்த்தும் சைட் இந்தப் பிழையை அடியோடு நீக்குகிறது. நம் கடற்படை வாங்கிய இஸ்ரேலின் ஸ்மாஷ் 2000 இன்னும் ஒரு படி மேலே: விசையை அழுத்திப் பிடித்தாலும், இலக்கும் குழலும் ஒத்துவரும் கணத்தில்தான் குண்டை விடும். சிறு டிரோனைத் துப்பாக்கியால் வீழ்த்த இது ஒரு வழி. ஆனால் கடுங்குளிரில் பேட்டரி சுருண்டுவிடும். ஆகவே மின்சாரம் போனாலும் சாதாரணமாகச் சுட முடிகிற வடிவம் வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உரிமையாளர் கையில் மட்டும் சுடும் துப்பாக்கிக்கும் இதே சோதனைதான். ஆர்மாடிக்ஸ் ஐபி1 என்ற கைத்துப்பாக்கி, கைக்கடிகாரத்தின் ரேடியோ குறி கிடைத்தால்தான் சுடும் என்றார்கள். 2017-இல் ஒருவர் சில மலிவான காந்தங்களைப் பக்கத்தில் வைத்தே அந்தப் பூட்டைத் திறந்து காட்டினார். பூட்டு மின்னணுவில் இருந்தது; தடுக்கும் துண்டோ காந்தத்துக்கு இழுபடும் உலோகம். சென்சார் எவ்வளவு கூர்மையானாலும், விசைக்கும், தோட்டாவைத் தட்டும் ஊசிக்கும் நடுவே நிற்கும் அந்தச் சிறு துண்டைக் காந்தத்துக்கும் அதிர்ச்சிக்கும் அசையாமல் எப்படிச் செய்வது என்பதே இன்று மேசையில் இருக்கும் கேள்வி. மின்னணுவும் எந்திரமும் ஒரே தெருவில் கிடைக்கிற இந்தப் பெங்களூரில் அதற்கு விடை தேடலாம்.